குறியும் வேண்டும், வேகமும் வேண்டும்!

பதுங்கியிருந்து சுடும் ராணுவத் துப்பாக்கியின் கதை

கடலூர்ப் பக்கத்தில் சில ஊர்களைக் "குண்டு கிராமங்கள்" என்று சொல்வது வழக்கம்.

ஊருக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கேளுங்கள்.

அது 1690ஆம் ஆண்டு. செஞ்சியில் மராட்டியர் ஆண்டுகொண்டிருந்தார்கள். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கடலோரமாக ஒரு கோட்டை இருந்தது. அதை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை ஆயிற்று.

கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் கொடுப்பது? கயிறு பிடித்து அளக்கவில்லை. கல் நட்டு எல்லை போடவில்லை. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் என்று முடிவு ஆயிற்று!

செப்டம்பர் மாதத்தில் பீரங்கி முழங்கியது. நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு எட்டிய தூரத்துக்குள் இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டன. கடலூர் நகரமும் அதில் அடங்கிவிட்டது.

பீரங்கிக்காரன் எதையாவது குறிபார்த்தானா? இல்லை. தூரம்தான் கணக்கு. குண்டு எங்கே விழுந்தாலும் லாபம்தான்!

அந்தக் காலத்துத் துப்பாக்கியும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அதற்குக் குறியும் கிடையாது, வேகமும் கிடையாது. இன்று பட்டாளத்தில் உள்ள ஒருவகைத் துப்பாக்கிக்கு இரண்டும் உண்டு. அரை மைல் தூரத்தில் உள்ள ஆளைக் குறிபார்க்கும். சுட்டு முடித்ததும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

இரண்டும் ஒரே துப்பாக்கியில் சேருவது லேசான காரியம் அல்ல. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். அந்தப் போட்டியின் கதைதான் இது.

பரங்கிப்பேட்டையில் பறந்த குண்டுகள்

1781ஆம் ஆண்டு ஜூன் மாதம், அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் படையோடு போனார். சிதம்பரம் கோயிலின் உயர்ந்த மதில்களையே கோட்டையாக்கிக்கொண்டு ஹைதர் அலியின் படை உள்ளே இருந்தது. அயர் கூட் தாக்கினார். பலிக்கவில்லை. திரும்பிவிட்டார்.

ஜூலை 1ஆம் தேதி, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே உள்ள பரங்கிப்பேட்டையில் பெரிய சண்டை நடந்தது. அதில் அயர் கூட் வெற்றி பெற்றார்.

அந்தச் சண்டையில் சிப்பாய்கள் எப்படிச் சுட்டார்கள் தெரியுமா?

முதலில் காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட வேண்டும். நீண்ட கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். பிறகுதான் சுடலாம். நல்ல பழக்கம் உள்ள சிப்பாய் ஒரு நிமிடத்தில் இரண்டு, மூன்று முறை சுடுவான். அதற்கு மேல் முடியாது.

குறியும் சுமார்தான். குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். உருண்டைக் குண்டு அதில் தளர்வாக உட்கார்ந்திருக்கும். வெடித்ததும் இப்படியும் அப்படியும் இடித்துக்கொண்டு வெளியே வரும். எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவனுக்கே தெரியாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவன் மேல் பட்டால், அது பட்டவனின் தலைவிதி!

ஆகவேதான் சிப்பாய்களைத் தோளோடு தோள் வரிசையாக நிறுத்தி, எல்லோரையும் ஒரே நேரத்தில் சுடச் சொன்னார்கள். நூறு குண்டு பறந்தால் சில குண்டாவது படும் அல்லவா?

பம்பரம் சொல்லிக் கொடுத்த பாடம்

பம்பரத்தைச் சுற்றாமல் தரையில் நிறுத்திப் பாருங்கள். உடனே சாய்ந்துவிடும். சாட்டை போட்டுச் சுழற்றி விடுங்கள். அசையாமல் நிற்கும்.

குண்டுக்கும் இதே வித்தைதான். சுழன்றுகொண்டே போகிற குண்டு, தடுமாறாமல் போகும்.

குண்டை எப்படிச் சுழற்றுவது? குழலின் உட்சுவரில் திருகுபோல் வளைந்து வளைந்து செல்லும் வரிகளை வெட்டினார்கள். குண்டு அந்த வரிகளைக் கவ்விக்கொண்டு வெளியே வரும்போது சுழல ஆரம்பிக்கும். இப்படி வரி வெட்டிய துப்பாக்கிக்குத்தான் "ரைபிள்" என்று பெயர்.

ரைபிள் வந்ததும் குறி வந்துவிட்டது. கூட்டமாக நின்று சுட்ட காலம் போய், ஒரே ஆள் ஒளிந்திருந்து ஒரே ஆளைக் குறிபார்க்கும் காலம் வந்தது.

பறவை தந்த பெயர்

அப்படி ஒளிந்திருந்து குறிபார்த்துச் சுடுகிற ராணுவ வீரனுக்கு ஆங்கிலத்தில் "ஸ்னைப்பர்" என்று பெயர். அந்தப் பெயர் பிறந்தது நம் நாட்டில்தான் என்றால் ஆச்சரியப்படுவீர்கள்!

உள்ளான் என்று ஒரு பறவை உண்டு. நீண்ட அலகு, சேற்று நிறம். குளிர்காலத்தில் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் வந்து இறங்கும். சேற்றோடு சேறாக உட்கார்ந்திருக்கும். கால் வைத்தால்தான் அங்கே பறவை இருப்பதே தெரியும். விருட்டென்று எழுந்து, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து பறக்கும்.

உள்ளானுக்கு ஆங்கிலப் பெயர் "ஸ்னைப்". 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கில அதிகாரிகளுக்கு உள்ளான் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. அதைச் சுடப் பொறுமையும் வேண்டும், கைத்திறனும் வேண்டும். அந்த வேட்டைக்குச் சொன்ன சொல்தான், பிற்பாடு மறைந்திருந்து மனிதனைச் சுடுகிற வீரனுக்கும் பெயராயிற்று.

கை அசைந்தால் ஆபத்து

குறி கிடைத்துவிட்டது. வேகம்?

303 என்ற ரைபிளைப் பெரியவர்கள் போலீஸ்காரர் தோளில் பார்த்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பக்கத்தில் உள்ள கைப்பிடியைத் தூக்க வேண்டும், பின்னால் இழுக்க வேண்டும், முன்னால் தள்ள வேண்டும், கீழே அழுத்த வேண்டும். அப்போதுதான் காலித் தோட்டா வெளியே விழுந்து, புதுத் தோட்டா உள்ளே போகும். இந்தக் கைப்பிடிப் பூட்டுக்குப் "போல்ட்" என்று பெயர். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து .22 ரைபிள் சுட்ட மாணவர்களுக்கும் இந்த வேலை தெரிந்திருக்கும்.

பதுங்கியிருப்பவனுக்கு இதில் இரண்டு தொல்லை. கையை அசைத்தால் எதிரியின் கண்ணில் படலாம். கண்ணும் குறியை விட்டு விலகிவிடும். முதல் குண்டு தவறிப்போனால் எதிரி மறைந்துவிடுவான். இரண்டு எதிரிகள் இருந்தால் இரண்டாமவன் திருப்பிச் சுடுவான்.

வேகம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் நாடு 1962இல் பார்த்தது. சீனப் படையெடுப்பின்போது நம் ஜவான்களிடம் பெரும்பாலும் இருந்தது 303தான். எதிரியிடம் தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகள் இருந்தன. நம்மவர்கள் தீரத்தோடு போராடினார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு நம் பட்டாளத்துக்கு எஸ்.எல்.ஆர். என்ற துப்பாக்கி வந்தது. அந்த ஆங்கில எழுத்துக்களின் பொருளே "தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள்" என்பதுதான். 1971ஆம் ஆண்டுப் போரில் நம் ஜவான்கள் ஏந்தியது அதுதான்.

இட்லிப் பானையும் துப்பாக்கியும்

தோட்டா எப்படித் தானாக ஏறுகிறது?

அடுப்பில் இட்லிப் பானை கொதிக்கும்போது ஆவி மூடியைத் தூக்குகிறது அல்லவா? அதே தத்துவம்தான்.

தோட்டாவுக்குள் மருந்து இருக்கிறது. அது எரிந்ததும் புகைவாயு பெருகும். அந்த வாயுதான் குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. குழலில் ஓரிடத்தில் சிறு துளை ஒன்று இருக்கும். குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும், வாயுவில் கொஞ்சம் துளை வழியாகப் புகுந்து ஒரு தண்டைப் பின்னால் தள்ளும். தண்டு போல்ட்டைத் தள்ளும். பூட்டுத் திறக்கும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். பின்னால் ஒரு சுருள்வில் இருக்கிறது. அது போல்ட்டை மறுபடி முன்னால் தள்ளும். போகிற போக்கில் அது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டிவிடும்.

இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்!

விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் படபடவென்று சுட்டுக்கொண்டே போவது முழுத் தானியங்கி. ஒரு தடவை அழுத்தினால் ஒரே குண்டு, விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் அடுத்த குண்டு என்பது "செமி ஆட்டோமேட்டிக்", அதாவது பாதித் தானியங்கி. தோட்டா ஏற்றுவது துப்பாக்கியின் வேலை. சுடலாமா வேண்டாமா என்பது ஒவ்வொரு தடவையும் மனிதனின் முடிவு.

வேகம் வந்தது, குறி கெட்டது

அப்படியானால் ஸ்னைப்பர் வீரனுக்கு இதையே கொடுத்துவிடலாமே?

கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்கள் "எஸ்.வி.டி. 40" என்ற பாதித் தானியங்கியில் தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்தினார்கள். வேகம் இருந்தது. குறி சரியில்லை. மறுபடியும் பழைய போல்ட் ரைபிளையே எடுத்துக்கொண்டார்கள்.

என்ன காரணம்? பாதித் தானியங்கியில் அசையும் உறுப்புகள் அதிகம். தண்டு முன்னும் பின்னும் ஓடும்போது துப்பாக்கியே குலுங்கும். குழலோடு வேறு உறுப்புகள் ஒட்டியிருப்பதால், குழல் ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி அதிராது. சுடும் இடத்தில் ஒரு நூல் அளவு பிசகினால், அரை மைலுக்கு அப்பால் ஆள் அளவு பிசகிவிடும்.

போல்ட் ரைபிளில் இந்தத் தொல்லைகள் குறைவு. எல்லாம் இறுகப் பூட்டியிருக்கும்.

விளையாட்டுத் துப்பாக்கி செய்தவர்

இந்தப் பிரச்னைக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் எவ்கெனி டிராகுனோவ். ரஷ்யாவில் இஷெவ்ஸ்க் என்ற ஊரில் 1920இல் பிறந்தவர். குறிசுடும் விளையாட்டுப் போட்டிகளுக்கான துப்பாக்கிகளைச் செய்து பெயர் வாங்கியவர். பரிசு வாங்க வேண்டுமானால் குறி எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

1958இல் சோவியத் ராணுவம் ஒரு போட்டி வைத்தது. பாதித் தானியங்கியாக இருக்க வேண்டும், ஸ்னைப்பருக்கும் உதவ வேண்டும் என்பது நிபந்தனை. டிராகுனோவின் துப்பாக்கி வென்றது. 1963இல் ராணுவத்தில் சேர்ந்தது.

அவர் என்ன செய்தார்?

வாயு தள்ளும் தண்டைச் சிறியதாக, லேசாக அமைத்தார். கலாஷ்னிகோவ் துப்பாக்கியில் தண்டு நீளம், கனமும் அதிகம். போல்ட்டோடு சேர்ந்தே ஓடும். டிராகுனோவில் தண்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் குலுக்கல் குறைந்தது.

போல்ட்டுக்கு மூன்று பிடிப்புகள் வைத்தார். கதவுக்கு ஒரு தாழ்ப்பாளுக்குப் பதில் மூன்று போட்டதுபோல் பூட்டு உறுதியாயிற்று.

தோளில் வைக்கும் கட்டையின் நடுவே பெரிய ஓட்டை விட்டார். எடை குறைந்தது. பிடிக்கவும் வசதி. கன்னம் சாய்க்க ஒரு திண்டும் உண்டு. ஒவ்வொரு தடவையும் கன்னம் ஒரே இடத்தில் இருந்தால்தான் கண் ஒரே கோட்டில் இருக்கும்.

நீளம் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடியோடு சேர்த்து எடை நாலேகால் கிலோவுக்கு மேல். பெட்டியில் பத்துத் தோட்டா. குண்டு கிளம்பும் வேகம் விநாடிக்கு 830 மீட்டர். ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்! ஆகவே அரை மைல் தூரத்தில் வெடிச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே குண்டு வந்துவிடும்.

கண்ணாடிக்குள் ஓர் அளவுகோல்

துப்பாக்கியின் மேல் உள்ள தூரதிருஷ்டிக் கண்ணாடி, தொலைவில் உள்ளதை நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும். அதற்குள் ஒரு வேடிக்கையான கோடு உண்டு. வளைந்து இறங்கும் கோடு. அதன் கீழே ஒரு நேர்கோடு.

எதிரில் நிற்கும் ஆளின் காலை நேர்கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். தலை வளைகோட்டை எந்த இடத்தில் தொடுகிறதோ, அங்கே எழுதியிருக்கும் எண்தான் தூரம். ஆள் 1.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கிட்டத்தட்ட ஐந்தடி ஏழு அங்குலம்.

தூரம் எதற்குத் தெரிய வேண்டும்? குண்டு நேர்கோட்டில் போவதாக நாம் நினைக்கிறோம். போவதில்லை! எறிந்த கல்லைப்போல் அதுவும் தாழ்ந்துகொண்டே போகும். தூரம் கூடக் கூட, அதற்குத் தக்கபடி மேலே பார்த்துச் சுட வேண்டும். காற்று அடித்தால் பக்கவாட்டிலும் கணக்குப் போட வேண்டும்.

நம் ராணுவமும் டிராகுனோவை நெடுங்காலம் பயன்படுத்தி வந்திருக்கிறது.

மியூனிக் நகரில் நடந்த துயரம்

குறி, வேகம் இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் நேரும் கதிக்கு இன்னோர் உதாரணம் உண்டு.

1972 செப்டம்பர். ஜெர்மனியில் மியூனிக் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பாலஸ்தீனத் தீவிரவாதிகள் எட்டுப் பேர், இஸ்ரேல் விளையாட்டுக் குழுவினரின் விடுதியில் புகுந்தார்கள். இருவரைக் கொன்றார்கள். ஒன்பது பேரைப் பிணையாகப் பிடித்து, இரவில் ஒரு விமானத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே போலீசார் ஐந்து பேர் பதுங்கியிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிதான். ஆனால் தூரதிருஷ்டிக் கண்ணாடி இல்லை. இருட்டில் பார்க்கும் கருவி இல்லை. எதிரிகள் எத்தனை பேர் என்பதும் முன்கூட்டித் தெரியவில்லை. முதல் வெடிகளில் எல்லோரையும் வீழ்த்த முடியவில்லை. சண்டை நீடித்தது. பிணையாளிகள் ஒன்பது பேரும் மாண்டார்கள். ஒரு போலீஸ்காரரும் இறந்தார்.

வேகம் கையில் இருந்தும், குறி இல்லாமல் போயிற்று.

இந்தத் துயரத்துக்குப் பிறகு ஜெர்மனியில் "பி.எஸ்.ஜி. 1" என்ற பாதித் தானியங்கி பிறந்தது. 300 மீட்டர் தூரத்தில் 50 குண்டுகளும் 80 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது அதற்கு வைத்த சோதனை. அதாவது, ஒரு டீ டம்ளரின் வாய் அளவு! ஆனால் இந்தச் சுத்தம் இலவசமாக வரவில்லை. எடை எட்டுக் கிலோவுக்கு மேல். ஏறக்குறைய இரண்டு டிராகுனோவ் கனம்! மலையில் சுமந்து திரிய முடியாது. விலையும் அதிகம்.

திருச்சித் தொழிற்சாலை

கடலூரில் ரயில் ஏறி விருத்தாசலம் வழியாகப் போனால் திருச்சி வரும். அங்கே 1966இல் மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கியது. நம் ஊர்த் தொழிலாளர்களின் கையால் பட்டாளத்துக்கான துப்பாக்கிகள் உருவாகும் இடம் அது.

அங்கே செய்யும் ராட்சதத் துப்பாக்கி ஒன்றின் பெயர் "வித்வம்சக்". "நாசம் செய்வது" என்று பொருள். எடை சுமார் 25 கிலோ. 1,800 மீட்டர், அதாவது ஒரு மைலுக்கும் மேல் சுடும். ஆளைக் குறிபார்க்க அல்ல. வண்டி, பதுங்கு அறை, கருவிகள் போன்றவற்றை உடைப்பதற்கு.

இவ்வளவு பெரிய துப்பாக்கி பாதித் தானியங்கியா? இல்லை! கையால் இழுக்கும் போல்ட்தான்.

2019ஆம் ஆண்டு வாக்கில் காஷ்மீர் எல்லைப் படைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வாங்கிய புதிய ஸ்னைப்பர் துப்பாக்கிகளும் போல்ட் வகைதான். மிகத் தொலைவுக்கு ஒரே குண்டில் வேலை முடிய வேண்டும் என்றால், பழைய கைப்பிடியே இன்றைக்கும் நம்பிக்கையானது.

அப்படியானால் பாதித் தானியங்கி எதற்கு? படைப்பிரிவோடு கூடவே நடந்து, 600, 800 மீட்டருக்குள் எதிரிகளை அடுத்தடுத்துச் சந்திக்கிறவனுக்கு. சோவியத் ராணுவம் டிராகுனோவைத் தனித்துத் திரிகிறவனுக்கு என்று மட்டும் கொடுக்கவில்லை. படைப்பிரிவுக்கு ஓர் ஆள் என்று கொடுத்தது. மற்றவர்களின் துப்பாக்கி எட்டாத தூரத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

மறைந்திருந்து அடிப்பது சரியா?

வாலியை ராமன் மறைந்து நின்று அடித்தது நியாயமா என்று நம் ஊர்களில் இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது. ஸ்னைப்பர் வீரனைப் பற்றியும் உலகத்தில் அந்த வழக்கு உண்டு. எதிரிகள் அவனை வெறுப்பார்கள். சொந்தப் படையிலேயே சிலர் ஒதுங்கிப் போவதும் உண்டு.

அவன் பாடு லேசானதா? மத்தியப் பிரதேசத்தில் மோவ் நகரில் நம் ராணுவத்தின் காலாட்படைப் பள்ளி இருக்கிறது. ஸ்னைப்பர் பயிற்சி அங்கே நடக்கிறது. மணிக்கணக்காக அசையாமல் படுத்திருக்க வேண்டும். எறும்பு கடித்தாலும் கையை எடுக்கக் கூடாது. மூச்சை அடக்கி, இரண்டு துடிப்புக்கு நடுவே விசையை அழுத்தப் பழக வேண்டும். அநேகமாக அவனோடு இன்னொருவன் இருப்பான். தூரமும் காற்றும் பார்த்துச் சொல்வது அவன் வேலை.

மற்றச் சிப்பாய்க்குத் தன் குண்டு யார் மேல் பட்டது என்று தெரியாமலே போகலாம். ஸ்னைப்பருக்கு அப்படி இல்லை. கண்ணாடிக்குள் எதிரியின் முகமே தெரியும். அது ராணுவ வீரனா, வயலுக்குப் போகிற விவசாயியா என்று அவன்தான் பார்த்துத் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் விசையைத் தொடக் கூடாது.

துப்பாக்கி எவ்வளவு முன்னேறினாலும் இந்த வேலையை மனிதனிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. தோட்டாவை அது தானே ஏற்றும், தூரத்தைச் சொல்லும், இரண்டாவது குண்டை நொடியில் தயாராக வைக்கும். யாரைச் சுடுவது, யாரை விடுவது என்று மட்டும் அதற்குத் தெரியாது.

1690இல் தேவனாம்பட்டினத்துப் பீரங்கி யாரையும் பார்க்காமல் சுட்டது. அந்தக் குண்டு விழுந்த ஊர்களில் இருந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைய துப்பாக்கியின் மேல் கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாகப் பார்க்கிறவனுக்குக் கண் மட்டும் இருந்தால் போதாது. நிதானமும் இருக்க வேண்டும்!